மார்கழியில் பாலைவனம் போகிறீர்களா? முதலில் தேவனாம்பட்டினத்தில் மணலைப் பழகுங்கள்

கல்யாண போட்டோகிராபருக்கு வருஷத்தில் இரண்டு மாதம் கை காலியாக இருக்கும். ஒன்று ஆடி, இன்னொன்று மார்கழி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பதினைந்து வருஷமாக இதே பிழைப்பில் இருக்கிற நான், ஒரு மார்கழியில் ராஜஸ்தானுக்கு ரயில் ஏறினேன். ஜெய்சால்மருக்கு மேற்கே 40 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் சாம் மணல்மேடுகளில் இரண்டு நாள் சுற்றி 600 படம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அறுநூறும் ஒன்றுபோல இருக்கின்றன. கொத்தனார் கலந்துவைத்த சிமெண்ட் மாதிரி ஒரு சாம்பல் மணல், மேலே வெளுத்துப்போன வானம், நடுவில் ஒட்டகம். பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "என்னண்ணா, நம்ம சில்வர் பீச்சுக்கு ஒட்டகம் வந்துருக்கா?"

கிண்டல்தான். ஆனால் அன்று ராத்திரி யோசித்தபோது அதில் விஷயம் இருப்பது தெரிந்தது. நான் சொதப்பியது மணலில். அந்த மணல் நம் ஊரிலேயே, பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் கிடைக்கிறது. காசு செலவழித்து ஜெய்சால்மரில் போய்ப் பழகுவதற்குப் பதில் இங்கே பழகிவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த புரட்டாசியில் பத்து நாள் விடியற்காலையில் அந்த சில்வர் பீச் இருக்கும் தேவனாம்பட்டினம் போனேன். அந்த மார்கழியில் திரும்பவும் ராஜஸ்தான் போய் 200 படம்தான் எடுத்தேன். முப்பதை இன்றைக்கும் கூச்சமில்லாமல் காட்டுவேன்.

முதல் தடவை பாலைவனம் போகிறவர்கள் நான் போன அதே வரிசையில் போகலாம். என்ன கேமரா என்று பெரிதாக யோசிக்க வேண்டாம். கிட் லென்ஸ், அதாவது வாங்கும்போதே கூட வருகிற லென்ஸ், போட்ட சாதாரண கேமரா போதும். போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

ஊரில் பத்து விடியற்காலை

ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரை மழையில் ஊறி இறுகிக் கிடக்கும். அதனால் புரட்டாசிதான் பழகத் தோது. அப்போது சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில், ஆறு மணி வாக்கில் கடலிலிருந்து எழும்பும். அலை வந்து போகிற ஈர மணல் உங்களுக்கு வேண்டாம். மேலே ஏறி, அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும் காய்ந்த மணலுக்கு வாருங்கள். அந்த இரண்டு செடிகளும்தான் பறக்கிற மணலைப் பிடித்து நிறுத்தி, கரையோரம் சின்னச் சின்ன மேடாக்குகின்றன. அங்கே காற்று வரிவரியாகப் போட்டுவைத்த அலைகள் இருக்கும். பாலைவனத்தில் நீங்கள் பார்க்கப்போவதும் இதே வரிகளைத்தான். அவற்றுக்குக் கீழே இருக்கும் மேடு பெரிது, அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு முன்னால் போய் ஒரு இடத்தைப் பிடித்து உட்காருங்கள். வடக்கே, தாழங்குடா பக்கம் பார்த்தபடி. சூரியன் உங்கள் வலது கைப்பக்கம் வரும். ஒரே வரியை 6.20க்கு ஒரு படம், ஏழு மணிக்கு ஒரு படம், எட்டுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று எடுங்கள். இடத்தை மாற்றாதீர்கள், கேமராவை நகர்த்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்து நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிப் பாடம் முடிந்தது. சூரியன் அடிவானத்துக்கு மேலே 5 பாகையில் இருக்கும்போது ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போலப் பதினோரு மடங்குக்கும் மேல் நீளும். ஒரு சென்டிமீட்டர் உயர மணல் வரி அடுத்த வரியின் காலடிவரை கறுப்பு மை இழுக்கும். 10 பாகையில் நிழல் ஐந்தரை மடங்கு சொச்சம். எட்டு மணிக்குச் சூரியன் 30 பாகைக்கு ஏறியிருக்கும். நிழல் ஒன்றே முக்கால் மடங்காகச் சுருங்கியிருக்கும். ஒன்பது மணிப் படத்தில் வரி இருந்த இடமே தெரியாது. மணல் அப்படியேதான் இருந்தது, யாரும் மிதிக்கவில்லை. நிழல் போனதும் படம் போய்விட்டது.

பாலைத் திணைக்குச் சிறுபொழுது நண்பகல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பிரிந்து போனவனை நினைத்து ஏங்குவதற்கு அது சரியான வேளையாக இருக்கலாம். கேமராக்காரனுக்கு அந்த வேளையில் கூடாரத்தில் படுத்துத் தூங்குவதுதான் நல்லது. முதல் தடவை நான் சாமில் போய் இறங்கியது பகல் பன்னிரண்டரைக்கு. இறங்கின வேகத்தில் 300 படம் தட்டினேன்.

இங்கே தார் பாலைவனத்துக்கு ஒரு சலுகை உண்டு. டிசம்பர் கடைசியில் கடலூரில் உச்சிவெயில் 55 பாகைக்கு ஏறும். ஜெய்சால்மர் நம்மைவிட வெகு வடக்கே இருப்பதால் அங்கே அதே நாள் உச்சிப் பொழுதில் ஏறக்குறைய 40 பாகைதான். அதாவது காலையில் நம் ஊரைவிட அதிக நேரம் நிழல் தாங்கும். மாலையிலும் சீக்கிரமே வந்துவிடும். இன்னொன்று, அந்த ஊர் மேற்கே இருக்கிறது. நம்மூரில் ஆறரைக்குள் விடிகிற ஜனவரி முதல் வாரத்தில் அங்கே சூரியன் தெரிய ஏழரை ஆகும். இது தெரியாமல் நாலரைக்கே எழுந்து, குளிரில் பல்லைக் கடித்தபடி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்த அனுபவமும் எனக்கு உண்டு.

வெள்ளை வேட்டிக் கணக்கு

மணல் ஏன் சாம்பலாக வந்தது? இது கல்யாண வேலையில் எனக்குத் தெரிந்த விஷயம்தான். பாலைவனத்தில் மறந்து தொலைத்தேன்.

கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டருக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி பிரேம் முழுக்க இருந்தால் அதை இருட்டாக்கி அழுக்கு வேட்டி ஆக்கும். நாங்கள் அப்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்வோம், அதாவது உள்ளே விடுகிற ஒளியை இரண்டு மடங்காக்குவோம். வெளிர் மணலும் வேட்டி மாதிரிதான்.

எனவே கேமராவை அபெர்ச்சர் முறையில் வையுங்கள். டயலில் ஏ அல்லது ஏவி என்று இருக்கும். லென்ஸ் துளையின் அளவு எஃப் 8 அல்லது எஃப் 11 (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்). ஒளியுணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ 100. அப்புறம் பிளஸ் மைனஸ் பொத்தானை அழுத்தி எக்ஸ்போஷரை +1 வையுங்கள். ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மலை மாதிரி இருக்கும் அந்த வரைபடத்தில் இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம். மலை நடுவில் குந்தியிருந்தால் மணல் இன்னும் சாம்பல்தான். வலது பக்கமாகத் தள்ளி, ஆனால் வலது சுவரில் முட்டாமல் இருக்க வேண்டும். முட்டினால் மணலின் துகள் விவரம் போய் வெறும் வெள்ளை மிஞ்சும், +0.7க்கோ +0.3க்கோ இறங்குங்கள்.

+1 என்பது எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. விடிந்து அரை மணிக்குள் பிரேமில் பாதி நிழலாகத்தான் இருக்கும், அப்போது +0.3 போதும், சில சமயம் கூட்டவே வேண்டாம். சூரியன் ஏற ஏறக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மேட்டின் மேல் ஒட்டகம் நிழலுருவாக வேண்டும் என்றால் எதிர்த்திசை: வானத்துக்கு அளந்து -1. இதையெல்லாம் பத்து நாள் கடற்கரையில் செய்துவிட்டால், அங்கே போய் யோசிக்கவே வேண்டாம், விரல் தானாகப் போகும். கேமராத் திரையின் வெளிச்சத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். வெட்டவெளியில் திரை எப்போதும் மங்கலாகத்தான் தெரியும். நாம் தப்பாகக் கூட்டிவிடுவோம்.

ஜேபெக்கோடு, கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைலும் சேர்த்து எடுங்கள். மணலில் ஒளிக்கும் நிழலுக்கும் இடையே வித்தியாசம் அதிகம். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் மீட்க ரா வேண்டும். நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். விடியலின் பொன்னிறத்தை அது "தப்பு" என்று நினைத்துத் திருத்திவிடும். பகல் வெயில் குறியில், 5500 கெல்வின் பக்கம், பூட்டிவையுங்கள்.

ஃபோகஸுக்கு ஒரு குறுக்குவழி. வெறும் மணலைக் காட்டினால் ஆட்டோஃபோகஸ் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற விளிம்பில் புள்ளியை வையுங்கள், உடனே பிடிக்கும். கிட் லென்ஸில் 18 மி.மீ., எஃப் 11 வைத்து ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம்வரை தெளிவாக வரும். காலடியில் மணல் வரி, தூரத்தில் மேடு என்று எடுக்கும்போது இந்தக் கணக்கு கைகொடுக்கும். இன்னும் தெளிவு வேண்டுமென்று எஃப் 22க்குப் போகாதீர்கள். துளை மிகச் சிறுத்தால் ஒளி சிதறி, படம் முழுக்கவே மழுங்கும்.

மேட்டின் முதுகும் வயிறும்

இப்போது பாலைவனத்துக்கு வருவோம். சாம் பிரபலமான இடம். கூடாரம், ஜீப், ஒட்டகச் சவாரி, பாட்டுக் கச்சேரி எல்லாம் அங்கேதான். ஜெய்சால்மருக்குத் தென்மேற்கே குரி என்று ஒரு கிராமம் இருக்கிறது. கூட்டம் குறைவு, மேடுகளும் ஊருக்குப் பக்கத்திலேயே. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் குரிக்குத்தான் போவேன். ஜோத்பூர்வரை ரயிலில் போய், அங்கிருந்து இன்னும் 280 கிலோமீட்டர் சொச்சம் ஜெய்சால்மருக்கு. ட்ரோனைக் கொண்டுபோகாதீர்கள். எல்லை மாவட்டம் அது, கேள்வி வரும்.

போன அன்றைக்கே படம் எடுக்கத் தொடங்காமல், மதியம் சும்மா ஒரு சுற்று நடந்து மேட்டின் உடம்பைப் பாருங்கள். காற்று வரும் பக்கம் நீளமாக, மெதுவாக ஏறும். மணல் அழுந்தி நடக்க வசதியாக இருக்கும். அதுதான் முதுகு. உச்சிக்கு வந்த மணல் மறுபக்கம் சரிந்து விழும். அந்தச் சரிவு எந்த ஊர்ப் பாலைவனத்திலும் 30 முதல் 34 பாகைக்குள்தான் நிற்கும். காய்ந்த மணல் அதற்குமேல் செங்குத்தாக நிற்காது, வழிந்துவிடும். வீட்டில் ரவையைக் குவித்துப் பார்த்தாலும் அப்படித்தான், ஓர் அளவுக்கு மேல் குவியல் செங்குத்தாகாது. முதுகும் சரிவும் சந்திக்கிற கத்தி விளிம்பு மாதிரியான கோடு, அதுதான் முகடு. நல்ல பாலைவனப் படங்களில் பத்துக்கு எட்டு இந்த ஒரு கோட்டின் படங்கள்தான்.

விடியலில் முகட்டின் ஒரு பக்கம் மஞ்சளாக, மறுபக்கம் நீல இருட்டாக இருக்கும். முகட்டுக்கு நேர் குறுக்கே நின்றால் அது வெறும் படுக்கைக் கோடு. கொஞ்சம் நகர்ந்து, முகடு உங்கள் காலடியிலிருந்து தொடங்கி வளைந்து வளைந்து தூரத்தில் போய் முடியும்படி நில்லுங்கள். பாம்பு ஊர்ந்து போன தடம் மாதிரி. உட்கார்ந்து பாருங்கள், படுத்தும் பாருங்கள். கேமரா அரை அடி கீழே இறங்கினால் முன்னால் இருக்கும் மணல் வரி ஒரு மலைத்தொடர் மாதிரி எழும்பும்.

எல்லோரும் அகல லென்ஸைத்தான் தேடுவார்கள். வெட்டவெளியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் உள்ளே அடைக்கத் தோன்றும். அகல லென்ஸில் மேடுகள் சிறுத்துப்போய், பிரேமில் முக்கால்வாசி காலி வானம் நிற்கும். என் இரண்டாவது பயணத்தில் தேறிய முப்பதில் பாதிக்கு மேல் 70 முதல் 200 மி.மீ. வரைக்குமான லென்ஸில் எடுத்தவை. டெலி லென்ஸ் தூரத்து மேடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். மடித்துவைத்த பட்டுப்புடவையின் அடுக்குகள் மாதிரி வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல். அடிவானத்தை வெட்டிவிட்டு வெறும் மணலின் வளைவை மட்டும் எடுங்கள்.

இதில் ஒரு தடை. காலை பத்துக்கு மேல் மணல் சூடேறி, மேலே காற்று நெளியத் தொடங்கும். டெலி லென்ஸில் தூரத்து விளிம்புகள் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் கலங்கும். லென்ஸைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்நேரம் கூடாரத்துக்குத் திரும்புங்கள்.

போலரைசர் வடிகட்டி வைத்திருந்தால், சூரியனுக்கு 90 பாகையில் திரும்பி நின்று எடுக்கும்போது வானம் அடர்நீலமாகும். ஆனால் 18 மி.மீ.யில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்து, மறுபக்கம் வெளுத்து, திட்டுத்திட்டாக வந்து அசிங்கமாக்கும். டெலியில் மட்டும் போடுங்கள்.

காலடித் தடம்

பாலைவனத்தில் நம்முடைய முதல் எதிரி நம் கால்தான். ஒரு நல்ல முகட்டைக் கண்டதும் பரவசத்தில் ஓடி ஏறி, நின்று, ரசித்து, பிறகு கேமராவைத் தூக்கினால் முகட்டில் நம் செருப்புத் தடம் பேருந்து நிலையம் மாதிரி இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் அழித்து மாளாது.

சுற்றுலாப் பயணிகள் மாலையில்தான் வருவார்கள், சூரியன் மறைவதைப் பார்க்க. அத்தனை தடத்தையும் இரவுக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக மூடிவைக்கும். அதனால் காலைதான் உங்கள் நேரம். முந்தின நாளே இடத்தைப் பார்த்துவைத்து, எந்தப் பக்கம் பிரேமில் வராதோ அந்தப் பக்கமாகச் சுற்றிப் போங்கள். தூரப் படங்களை முதலில் எடுத்துவிட்டு, பிறகு முன்னேறுங்கள். கூட வருகிறவரையும் உங்கள் பின்னாலேயே நடக்கச் சொல்லுங்கள். என் உதவியாளர் தம்பி முதல் நாள் காலை எனக்கு முன்னால் போய் மேட்டில் நின்று, "அண்ணா, இங்கேருந்து சூப்பரா இருக்கு!" என்று கை ஆட்டினான். அவன் போன வழிதான் நான் எடுக்க வைத்திருந்த பிரேம்.

தடத்தையே படமாக்கவும் முடியும். யாரும் போகாத சரிவில் ஒற்றை ஆள் நடந்த தடம், வண்டு ஊர்ந்த தடம், ஒட்டகப் பாதம் பதிந்த தடம் எல்லாம் சாய்ந்த வெயிலில் எழுத்து மாதிரி தெரியும். நம் கடற்கரையில் இதை நண்டிடம் பழகலாம். தேவனாம்பட்டினத்தில் ஒரு காலை ஆறே முக்காலுக்கு ஒரு வளையின் முன்னால் படுத்திருந்தேன். நண்டு உள்ளேயிருந்து ஈர மணலை அணைத்துத் தூக்கிக்கொண்டு வரும், நின்று என்னைப் பார்க்கும், ஒரு சாண் தூரத்துக்கு விசிறிவிட்டு உள்ளே ஓடும். விசிறிய ஈர மணல் கறுப்பு, சுற்றிலும் காய்ந்த மணல் வெளுப்பு, அதன்மேல் ஊசியால் கீறின மாதிரி கால் தடம். வலை தூக்கிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, மணல்ல என்ன தொலைச்ச?" என்று கேட்டார்.

ஒட்டகக்காரர்களை எடுக்கும்போது முதலில் கேளுங்கள், காசையும் முன்பே பேசுங்கள். நிழலுருவம் வேண்டுமென்றால் ஒட்டகத்தின் நான்கு காலும் தனித்தனியாகத் தெரிகிற நொடிக்குக் காத்திருங்கள். ஒன்றாக ஒட்டியிருந்தால் மூட்டை மாதிரி இருக்கும். நொடிக்கு ஐந்தாறு படம் எடுக்கிற தொடர் முறையில் தட்டி, பிறகு பொறுக்குங்கள்.

மணல் கேமராவுக்குள் போகாமல்

பாலைவனத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். இரண்டு பாடி இருந்தால் ஒன்றில் அகலம், ஒன்றில் டெலி. ஒரே பாடி என்றால் காலைக்கு ஒரு லென்ஸ், மாலைக்கு ஒரு லென்ஸ் என்று முடிவு செய்துவிடுங்கள். இந்தக் கட்டாயமே ஒரு நல்ல பயிற்சி. ஜூம் திருகும்போது நீண்டு சுருங்குகிற லென்ஸ்கள் துருத்தி மாதிரி காற்றோடு தூசியையும் இழுத்துக்கொள்ளும். துணிக்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றில் லென்ஸ் முகத்துக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டால் கட்டிவிட்டால் போதும்.

லென்ஸில் மணல் பட்டால் கை முதலில் சட்டை நுனிக்குத்தான் போகும். வேண்டாம். மணல் துகள் கண்ணாடியைக் கீறும். ரப்பர் பல்பால் ஊதித் தள்ளி, மென்மயிர் பிரஷால் தட்டி, கடைசியில்தான் துணி. வாயால் ஊதினால் எச்சில் ஈரத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும்.

ட்ரைபாட் நிறுத்துவதில் இரண்டு சூட்சுமம். வழக்கமாக மேல் கணுவை முதலில் நீட்டுவோம். மணலில் கீழ்க் கணுவை, அந்த மெல்லிய கணுவை, முதலில் முழுக்க இழுத்துவிடுங்கள். அப்போது பூட்டு மணலுக்கு மேலே இருக்கும், உள்ளே துகள் போகாது. கால்கள் மெல்ல மெல்லப் புதைந்து படம் ஆடினால், ஊறுகாய் பாட்டில் மூடி மூன்றை மல்லாக்கப் போட்டு அதில் கால்களை நிறுத்துங்கள். நான் பையில் எப்போதும் மூன்று மூடி வைத்திருக்கிறேன். மாங்காய் வாசனை இன்னும் போகவில்லை.

பேட்டரி விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிது. மார்கழி இரவில் தாரில் குளிர் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும். பேட்டரி சட்டென்று தளரும். உதிரிப் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். கடலூரில் பழகும்போது பிரச்சினை வேறு: ஏசி அறையிலிருந்து நேரே கடற்கரைக்குப் போனால் லென்ஸில் பனி படர்ந்து கால் மணி நேரம் ஒன்றும் தெரியாது. ராத்திரியே கேமராவை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். உப்புக் காற்றுக்குப் போய் வந்ததும் லேசான ஈரத்துணியால் வெளிப்பக்கம் துடைத்துவிடுவதும் அவசியம்.

ராத்திரி

பாலைவனம் என்றதும் எல்லோருக்கும் பால்வெளி எடுக்க ஆசை. மார்கழியில் அது நடக்காது. காரணம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. மார்கழி தனுர் மாதம், சூரியன் தனுசில். பால்வெளியின் பிரகாசமான நடுப்பகுதி இருப்பதும் தனுசுப் பக்கம்தான். சூரியனோடே எழுந்து சூரியனோடே மறைவதால் ராத்திரி கண்ணில் படாது. அதற்கு மாசி, பங்குனியில், அமாவாசையை ஒட்டி, விடிவதற்கு முன்னால் போக வேண்டும். அப்படிப் போனால் 18 மி.மீ., எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, 18 விநாடி. விநாடியை ஏன் கூட்டக்கூடாது என்றால், பூமி சுற்றுவதில் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். 500ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்து, அதைச் சிறிய சென்சார் கேமராவுக்கு மேலும் ஒன்றரையால் வகுத்தால் வருவதுதான் உச்ச வரம்பு.

மார்கழியில் வேறொரு வரம் இருக்கிறது: முழுநிலவு. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் நடக்கும் திருவாதிரையை ஒட்டி, நிலா வானத்தில் வெகு உயரத்தில் ஏறும். (அந்த நாளில் ஊரில் இல்லாமல் மணல்மேட்டில் கிடந்ததற்காக வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.) நிலா கிழக்கே சாய்ந்திருக்கும் முன்னிரவில் ட்ரைபாடில் வைத்து ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 10 விநாடி. படத்தைப் பார்த்தால் பகலா ராத்திரியா என்று சந்தேகம் வரும்: நீல வானத்தில் நட்சத்திரம், கீழே நிழல் விழுந்த மணல் வரி.

போன் வைத்திருப்பவர்களுக்கு

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சட்டைப் பையிலேயே கிடந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். திரையில் மணலின் பிரகாசமான பகுதியைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள். பிறகு விரலால் வெளிச்சத்தை மேலேயோ கீழேயோ நகர்த்துங்கள். கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் அடிவானம் சாயாது. 0.5 என்ற அகலத்தை மறந்துவிட்டு, 2 அல்லது 3 மடங்கில் எடுத்துப் பாருங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் மணலுக்கு ஒட்டி வரும், வரிகள் மலையாகும்.

ராஜஸ்தான் போக முடியாதவர்களுக்கு

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் தேரிக்காடு இருக்கிறது. செக்கச்செவேல் என்ற மணல்மேடுகள், நடுவே பனை, ஓரத்தில் முந்திரி. நம் பண்ருட்டி மண் ஞாபகம் வரும். மணல் துகள்மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் மணல் கண்ணெதிரே புகையாகப் பறக்கும். என் இன்னொரு ஓய்வு மாதத்துக்கு அதுதான் வேலை. ஆடியில் வெயில் வேகமாக உச்சிக்கு ஏறுவதால் ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். இங்கே +1 கணக்குச் செல்லாது. சிவப்பு மண் வெளிர் மணல் அளவுக்கு ஒளியைத் திருப்பாது, கூட்டாமல் தொடங்குங்கள். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். மற்ற இரண்டும் ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு வெடித்துப்போய், மணல் வெறும் குங்குமப் பூச்சாகிவிடும்.

அதற்கும் நேரமில்லை என்றால், புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில், பொம்மையார்பாளையம் பக்கம் மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்கள் இருக்கின்றன. மாலை ஐந்துக்கு மேல் போய்ப் பழகலாம். விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள், மண் பெயரும்.

ஊர் திரும்பியதும்

கார்டை இரண்டு இடத்தில் நகலெடுத்த பிறகு, தூங்குவதற்கு முன் ட்ரைபாடைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கணுவையும் திருகி எடுத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் மரையைத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். பையைத் தலைகீழாகத் தட்டுங்கள். ஓரத் தையலில் எப்படியும் அரை டம்ளர் மணல் இருக்கும். நான் முதல் தடவை அசதியில் அப்படியே பரணில் போட்டுவிட்டேன். தை பிறந்து முதல் முகூர்த்தம், மேளக்காரர் கெட்டிமேளத்துக்குக் கையை ஓங்கிய சமயம், உயரம் கூட்டலாம் என்று ட்ரைபாட் காலை இழுத்தேன். அரிசி புடைக்கிற மாதிரி 'கரக்' என்று சத்தம் வந்து கணு பாதியில் இறுகி நின்றுவிட்டது. தாலி கட்டியதை முழங்கால் போட்டுத்தான் எடுத்தேன்.